இடது கையில் பீடி

என் தொண்டையை வைத்துத்தான் நான் மேலே வந்தேன். பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் நான் ஏலம் கூவினால் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவருக்கும் அன்றைய விலை தெரிந்துவிடும். பக்கத்து மண்டிக்காரர்கள் மைக் வாங்கி வைத்தார்கள். நான் வாங்கவில்லை. மைக்கில் கூவுகிறவன் விலையை மட்டும்தான் சொல்கிறான். நான் கூவினால், இந்தச் சரக்கை விட்டால் இன்னொன்று கிடைக்காது என்று கேரளா வியாபாரிக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்.

சொந்த ஊர் பென்னாகரம் பக்கம், காட்டை ஒட்டின ஊர். ஆடு மேய்த்தேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பாலக்கோட்டுக்கு வந்து தக்காளிப் பெட்டி தூக்கினேன். ஒரு நாள் ஏலம் கூவுகிறவர் வரவில்லை. முதலாளி என்னைப் பலகை மேல் ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகு என்னை அந்தப் பலகையிலிருந்து இறக்க எவனாலும் முடியவில்லை. இன்றைக்கு அதே மார்க்கெட்டில் எனக்கென்று ஒரு மண்டி இருக்கிறது, லாரி ஓடுகிறது, காலேஜ் படித்த பையன்கள் என்னிடம் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். யாருடைய தயவிலும் வந்ததில்லை. இதை நான் எல்லாரிடமும் சொல்வேன். இங்கேயும் சொல்கிறேன்.

பீடி ஆடு மேய்த்த காலத்திலேயே வந்தது. பலகையில் ஏறுமுன் ஒன்று, இறங்கியதும் ஒன்று, நடுவில் கணக்கே இல்லை.

குரல் கம்ம ஆரம்பித்தபோது பனி என்றேன், தூசி என்றேன். கஷாயம் குடித்தேன். என் மகன் விடவில்லை, பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குரல்வளையில் புற்று. ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள், அறுக்க வேண்டாம், ரேடியேஷன், அதாவது கரண்ட் வைத்தால் போதும் என்று டாக்டரம்மா சொன்னார். அன்றைக்கே சட்டைப் பையிலிருந்த பீடிக்கட்டை ஆஸ்பத்திரிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். மற்றவர்கள் ஒன்று ஒன்றாகக் குறைப்பார்கள். நான் ஒரே வீச்சில் விட்டவன்.

கரண்ட் வைப்பது வலிக்காது. ஆனால் முகத்துக்கும் தோளுக்கும் அளவெடுத்து வலை மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி செய்து, அதை மாட்டி, மேசையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். அசைய முடியாது. எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்துவார்கள். ஒரு மார்க்கெட்டையே அதட்டி நடத்தின ஆள் அங்கே மூடிக்குள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.

எனக்கு அடுத்து உள்ளே போகிறவர் கம்பைநல்லூர்க்காரர். அங்கே உரக்கடை வைத்திருந்தார். அவருக்கும் தொண்டைதான், அவரும் பீடியை விட்டவர். என்னைவிட இளையவர், வாய் ஓயாமல் வேடிக்கை பேசுவார். ஒரு நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார்:

“நம்ம ரெண்டு பேரையும் ஏலத்துல வெச்சிருக்காங்க அண்ணா. எமன் கேக்குற வெலைக்கு இந்த டாக்டரம்மா தள்ள மாட்டேங்குது.”

தொண்டை எரிந்துகொண்டிருந்தது. அப்படியும் சிரித்தேன்.

இரண்டு பேருமே பிழைத்தோம். குரல் முக்கால்வாசி திரும்பியது. நான் மறுபடியும் பலகையில் ஏறிய அன்றைக்கு மார்க்கெட் வாசலில் மகன் ஒரு பெரிய ஃபிளெக்ஸ் வைத்தான். என் படத்துக்குப் பின்னால் ஒரு சிங்கம். புற்றுநோயை வென்ற எங்கள் சிங்கமே என்று எழுத்து. எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எந்த ஊரில் யாருக்குப் புற்று என்று தெரிந்தாலும் வீட்டுக்காரரையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு என் மண்டிக்கு வருவார்கள். இவரைப் பாருங்க, எப்படி இருக்காரு என்று காட்டுவார்கள். டாக்டர் பாதி, நம்ம தெம்பு பாதி என்று நான் சொல்லி அனுப்புவேன். எத்தனை பேர் என் பேச்சைக் கேட்டுக் கரண்ட் வைத்துக்கொள்ளப் போனார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் என் வீட்டுக் குளியலறையில் நடந்தது யாருக்கும் தெரியாது.

காலையில் எழுந்ததும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டேன். நேராக உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் முந்நூறு, முந்நூத்திப் பத்து, முந்நூத்தி இருபது என்று கூவிப் பார்ப்பேன். குரல் வந்தால் அன்றைக்கு உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். கொஞ்சம் பிசிறினால், செல்போன் விளக்கை வாய்க்குள் அடித்துக் கண்ணாடியில் பார்ப்பேன். கட்டைவிரலால் கழுத்தைத் தடவித் தடவிக் கட்டி தேடுவேன். தேடித் தேடி அந்த இடமே கறுத்துவிட்டது. சவரம் செய்த காயம் என்று சொல்லிவைத்தேன்.

செக்கப் தேதி நெருங்கினால் சோறு இறங்காது. மண்டியில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வேர்க்கும். ஒன்றுமில்லாததற்கு ஆட்களைத் திட்டுவேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொன்னால் கொஞ்ச நாள் நன்றாக இருப்பேன். மறுபடியும் தொடங்கிவிடும். நோய் போன பிறகு இப்படி ஒன்று இருக்கும் என்று எனக்கு எவரும் சொல்லவில்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. சிங்கம் போய் யாரிடம் கேட்கும்?

அப்போதுதான் கம்பைநல்லூர்க்காரருக்குத் திரும்பவும் வந்துவிட்டதாக அவர் மகன் போன் செய்தான். போய்ப் பார்த்தேன். கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். பேசவேண்டுமென்றால் அந்தக் குழாய் வாயை விரலால் அடைத்துக்கொள்ள வேண்டும். என்னைப் பார்த்ததும் அடைத்துக்கொண்டார். நான் ஏதோ வேடிக்கை சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“ஒண்ணுகூடத் தொடலை அண்ணா” என்றார். “அன்னிக்கு விட்டது விட்டதுதான்.”

அடுத்த மாதம் போய்விட்டார். சாவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். கால் தானாகப் பெட்டிக்கடைக்குப் போனது. விட்ட மனிதரே போய்விட்டார், நான் விட்டு என்ன ஆகப்போகிறது என்று ஒரு எண்ணம். பற்றவைத்து இழுத்தேன். கரண்ட் வைத்த தொண்டையில் புகை இறங்கும்போது மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரிந்தது. ஆனால் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த நெஞ்சு கொஞ்ச நேரம் அடங்கி உட்கார்ந்தது. பீடியால் வந்த நோய்க்குப் பயந்து பீடியையே பிடித்தேன் என்றால் படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் அந்த மூடிக்குள் படுத்ததில்லை.

என் மனைவிக்கு மூக்கு கூர்மை. சில நாளிலேயே கண்டுபிடித்துவிட்டாள். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. ஆடி அமாவாசை அன்றைக்குக் குளித்துவிட்டு வந்து, கெளம்புங்க, கயிறு கட்டிக்கிட்டு வந்துடலாம் என்றாள்.

எங்கள் பக்கத்தில் குடியை விட நினைக்கிறவர்கள் செய்வது இது. ஒகேனக்கல் போகிற காட்டு ரோட்டில் ஒரு முனியப்பன் கோயில் இருக்கிறது. அங்கே பூசாரி சாமி பாதத்தில் வைத்து எடுத்த கயிற்றை வலது மணிக்கட்டில் கட்டுவார். மூன்று மாதம், ஆறு மாதம் என்று அவரவர் முடிந்த கெடு சொல்வார்கள். கெடு முடிகிறவரை தொடக்கூடாது. கெடு முடிந்ததும் சாமி முன்னால் வந்துதான் அவிழ்க்க வேண்டும்.

அன்றைக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சாராயக் கேஸ்கள். எனக்கு முன்னால் நின்றவருக்கு அது எத்தனையாவது கயிறோ. குடிக்கணும்னு தோணுனா கயித்தக் கழட்டி ஆணியில மாட்டிட்டுப் போயிடுவேன், வந்து மாட்டிக்குவேன், சாமிக்குத் தெரியவா போவுது என்று மெதுவாகச் சொன்னார். அந்த மாதிரி ஏமாற்று வேலை எனக்குப் பிடிக்காது. நான் சொன்னால் சொன்னதுதான்.

என் முறை வந்தது. பூசாரி நிமிர்ந்து பார்க்காமலேயே, சரக்கா என்றார். பீடி என்றேன். வரிசையில் சிரித்தார்கள்.

“பீடிக்கு என்னாத்துக்குங்க சாமி கயிறு? பொஞ்சாதி போதும்” என்றான் ஒருத்தன்.

எத்தனை மாதம் என்று பூசாரி கேட்டார். என் மனைவி, மூணு மாசம் போதுமுங்க என்றாள். அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். மூணு மாசம் கட்டிக்க வர்ற ஆளா நான் என்று கேட்டுவிட்டு, ஒரு வருசம், வர்ற ஆடி அமாவாசை வரைக்கும் என்று சத்தமாகச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். 

பூசாரி முடிச்சைப் பல்லால் இறுக்கினார். “பெரிய கெடுவா சொல்லிட்டீங்க மொதலாளி. உசுரக் குடுத்த சாமி இது. மீறுனா குடுத்ததத் திருப்பிக் கேக்கும்.”

இரண்டு மாதம் தாங்கினேன். செக்கப் தேதி நெருங்கியதும் நெஞ்சு மறுபடியும் ஓட ஆரம்பித்தது. மண்டிக்குப் பின்னால் காலிப் பெட்டிகள் அடுக்கி வைக்கிற இடத்துக்குப் போனேன். கயிறு கட்டின வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இடது கையால் பீடி பிடித்தேன். கழற்றி ஆணியில் மாட்டவில்லை, அந்த ஏமாற்று வேலை செய்யவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் இடது கையால் பிடித்தது எதற்கு? யாருக்குத் தெரியக்கூடாது என்று? அதை நான் யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு தினமும் இடது கைதான். நெருப்புப் பெட்டியைக்கூட ஒரே கையால் பற்றவைக்கப் பழகிவிட்டேன்.

அந்தச் சமயம் தக்காளி வரத்து கூடின நேரம். பலகையில் நின்று ஒரு நல்ல சரக்கை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஐந்நூறைத் தாண்டியது. அடுத்த விலையைச் சொல்ல வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. இன்னொரு தடவை திறந்தேன். காற்று. வியாபாரிகள் எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். சரக்குக்காரர், பாவம், தன் தக்காளியில்தான் ஏதோ குறை கண்டுவிட்டேன் என்று பெட்டியைக் குனிந்து பார்த்தார். மகன் ஓடிவந்து அடுத்த விலையைக் கூவிவிட்டு என்னைக் கீழே இறக்கினான்.

சளி என்று சொன்னேன். ஆனால் எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது, கேட்டுவிட்டது சாமி. குடுத்ததைத் திருப்பிக் கேட்டுவிட்டது.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்று நின்றேன். செக்கப் தேதி தாண்டியது. சீசன் முடியட்டும் என்றேன். லாரி ஓட்டுநர் லீவு என்றேன். போய் என்ன ஆகப்போகிறது? மேலே எழுதினதை டாக்டரம்மா படித்துச் சொல்லப்போகிறார், அவ்வளவுதானே. சொல்லாமல் இருக்கிற வரைக்கும் நான் முதலாளியாகச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கலாம். சொன்ன நிமிடத்திலிருந்து கம்பைநல்லூர்க்காரராகிவிடுவேன். இதை யாரிடம் சொல்ல முடியும்? சொல்ல வேண்டுமென்றால் கயிற்றோடு பீடி பிடித்ததைச் சொல்ல வேண்டும். கட்டிவிட்டுப் பிடித்தவன் என்று மார்க்கெட்டில் தெரிந்தால் என் வாய்ச்சொல்லை நம்பி அப்புறம் எவன் சரக்கு இறக்குவான்?

குரல் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. வீட்டில் மூன்று பேரும் அவரவர் சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். என் மனைவி மோர் ஊற்றும்போது நான் விழுங்குவதையே கவனிப்பாள். நான் நிமிர்ந்தால் பார்வையைத் திருப்பிக்கொள்வாள். ஒரு நாள் மகன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

“ஊருக்கெல்லாம் தைரியம் சொல்றீங்கப்பா. உங்களுக்குச் சொல்ல நான் யாரக் கூட்டியாறது?”

கையை ஓங்கிவிட்டேன். அவனுக்குக் கல்யாண வயது. ஓங்கின கையில் கயிறு தொங்கியது. அதைப் பார்த்ததும் கையை இறக்கிவிட்டேன். அவன் அதை வேறு மாதிரி நினைத்திருப்பான்.

அந்த வாரமே ஒரு அம்மா தன் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு மண்டிக்கு வந்தது. மாரண்டஅள்ளிப் பக்கம், ராகியும் தக்காளியும் வைக்கிறவர்கள். அவருக்கு நாக்கில் புற்று, ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று அடம். ஃபிளெக்ஸில் பார்த்த ஆளைக் காட்டினால் மனசு மாறும் என்று அந்த அம்மாவுக்கு நம்பிக்கை. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மொதலாளி என்றது. நானும் வழக்கம் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, டாக்டர் பாதி என்று தொடங்கினேன். காற்றுதான் வந்தது. இருமினேன், தண்ணீர் குடித்தேன், மறுபடியும் காற்று. அந்த மனிதர் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் கறுக்கவைத்த இடத்தை.

வெளியே போகும்போது தன் மனைவியிடம் அவர் மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்டுவிட்டது.

“இவருக்கே திரும்ப வந்துடுச்சாட்டம் இருக்குது. நா வரலை.”

என்னைப் பார்த்து ஒருத்தன் சாகப் போகிறான். அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. என் பேர் அப்படிக் கெடுவதற்கா நான் இவ்வளவு தூரம் வந்தேன்? வண்டியை எடுடா என்று மகனிடம் சொன்னேன். காற்றாகத்தான் வந்தது, அவனுக்குப் புரிந்தது.

பெங்களூரில் டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்தார். வழக்கமாகப் பார்த்துக்கொண்டே பேசுவார். அன்றைக்குப் பேசவில்லை. ஒரு பக்கம் தடித்து வெள்ளையாக இருக்கிறது, மயக்கம் கொடுத்துக் கொஞ்சம் கிள்ளி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார். புகை உண்டா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். என் மனைவி பக்கத்தில்தான் நின்றாள்.

மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு பச்சை அங்கியைக் கட்டிவிட்டார்கள். மோதிரம், அரைஞாண் எல்லாம் கழற்றி என் மனைவி கையில் கொடுத்தாயிற்று. ஆபரேஷன் அறைக்கு வெளியே இருக்கிற கட்டிலில் உட்கார வைத்தார்கள். நர்ஸ் பெண் வந்து என் வலது கையைப் பிடித்தது. கயிறெல்லாம் இருக்கக்கூடாது என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே பையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தது.

நான் கையைப் பிடுங்கிக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கிவிட்டேன்.

நர்ஸ் பயந்துபோய் உள்ளே ஓடியது. இது சாமிக் கயிறு, கெடு முடியவில்லை, அறுக்க விடமாட்டேன், எனக்கு டெஸ்ட் வேண்டாம் என்று மகனிடம் மூச்சால் கத்தினேன். மகன் கெஞ்சினான். என் மனைவி மோதிரத்தைக் கைக்குள் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி கூட வந்தது. சரியான காரணம் கிடைத்துவிட்டது. சாமி பேரைச் சொல்லித் திரும்பிப் போய்விட்டால் யாரும் என்னைக் கோழை என்று சொல்ல முடியாது.

டாக்டரம்மா தலையில் தொப்பியோடு வெளியே வந்தார். கயிற்றைப் பார்த்தார்.

“இதுக்கா? அறுக்க வேண்டாம் ஐயா. மேலே பிளாஸ்திரி சுத்திடலாம். நிறையப் பேருக்கு அப்படித்தான் செய்றோம்.”

நர்ஸ் ஒரு வெள்ளைப் பிளாஸ்திரியைக் கொண்டுவந்து கயிற்றின் மேல் சுற்றியது. ஒரு நிமிட வேலை. கயிறு உள்ளே பத்திரமாக இருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கட்டிலில் ஏறவில்லை.

ஏறுங்க ஐயா என்றார் டாக்டரம்மா. கால் நகரவில்லை.  பல் கடகடவென்று அடித்துக்கொண்டது. மார்க்கெட்டில் கத்தி எடுத்து வந்தவனையும் பார்த்திருக்கிறேன். இப்படி ஆனதில்லை.

“கயித்துக்காக இல்லீங்க” என்றேன். எனக்கே அந்தக் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. “அத நான் எப்பவோ மீறிட்டேன். பீடி புடிக்கிறேன். வந்துடுச்சுன்னு தெரியும். நீங்க சொல்லிக் கேக்கத்தான் பயமா இருக்குது.”

மகன் முகம் வெளிறிவிட்டது. நான் என் மனைவியைப் பார்க்கவில்லை. அவள்தான் பக்கத்தில் வந்தாள்.

“எடது கையில புடிக்கிறத எப்பவோ பாத்துட்டேனுங்க” என்றாள். “எந்தக் கையில புடிச்சாலும் போறது ஒரே தொண்டைக்குத்தான?”

ஏன் கேட்கவில்லை என்றேன்.

“கேட்டா அதுவும் இல்லாமப் போயி, நீங்க வேற என்னமாவது பண்ணிக்குவீங்களோன்னு இருந்துச்சு. தக்காளிக்கு அடிக்கிற மருந்து டப்பாவையெல்லாம் குடோன்ல பூட்டிச் சாவிய நானேதான் வெச்சிருக்கிறேன். இத்தன நாளா.”

அது எனக்குத் தெரியாது. குடோன் சாவி காணோம் என்று நான் ஆட்களைத் திட்டியிருக்கிறேன். அப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்ததே இல்லை என்று அவளிடம் சொல்லலாம் என்று பார்த்தேன். சொல்ல முடியவில்லை. காலையில் குழாய்ச் சத்தத்துக்குள் குரல் வராத நாட்களில் என்னென்ன நினைத்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை. கட்டில் ஓரத்தில் சாய்ந்து நின்றார். எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை, எப்போதெல்லாம் நெஞ்சு ஓடுகிறது என்று கேட்டார். நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். கரண்ட் வைத்துப் பிழைத்தவர்கள் பல பேருக்கு இப்படி வருகிறது, பயம் தாங்காமல் பீடிக்குத் திரும்புகிறவர்களும் உண்டு, இது தைரியமில்லாத குறை இல்லை, இதுவும் பார்க்கவேண்டிய ஒன்றுதான், முன்னாடியே கேட்காமல் விட்டது என் தப்பும்தான் என்றார். நான் ஃபிளெக்ஸைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

என் மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டிலில் ஏறினேன்.

டெஸ்ட் முடிவு வரும்வரை பெங்களூரிலேயே மகனின் சிநேகிதன் வீட்டில் தங்கினோம். அந்த நாட்களைச் சொல்ல முடியாது. லவங்கத்தை மென்று துப்பிக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை தாங்காமல் கீழே போய்ப் பீடி வாங்கி வாசலில் நின்றே பற்றவைத்தேன். ஒளிக்கவில்லை. என் மனைவி மாடியிலிருந்து பார்த்தாள், கூப்பிடவில்லை. புண்ணில் புகை பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதையும் முடிக்காமல் போட்டுவிட்டு மேலே வந்தேன்.

புற்று இல்லை.

டாக்டரம்மா இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கரண்ட் பட்ட இடத்தில் புகை பட்டுப் பட்டு வந்த தடிப்பு, இப்போதைக்கு அவ்வளவுதான். ஆனால் புகை தொடர்ந்தால் அடுத்த தடவை இப்படிச் சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள் என்றார். மகன் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை. நெஞ்சு அதே வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. புற்று இல்லை என்று காதால் கேட்ட பிறகும் ஓடுகிறது என்றால் இது புற்றைப் பார்த்து மட்டும் ஓடவில்லை. சாமி கேட்டதும் இல்லை. இது தனியாக ஒன்று. அதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். கீழே இரண்டாம் மாடியில் மனநல டாக்டர் இருக்கிறார், பீடியை நிறுத்தவும் அவரே மாத்திரை கொடுப்பார், இன்றைக்கே பாருங்கள் என்றார். பைத்தியத்துக்குப் பார்க்கிற இடம் அது, நான் ஒரு மண்டி முதலாளி என்று வாய் வரை வந்தது. என் மனைவி ஏற்கெனவே லிஃப்ட் பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.

கெடு பாக்கி இருக்கிறது, கயிறும் கையில்தான் இருக்கிறது. ஆடி வரும்போது நானே போய்ச் சாமி முன்னால் நின்று நடந்ததைச் சொல்வேன். அது எனக்கும் அவருக்கும் உள்ள கணக்கு.

இரண்டாம் மாடியில் பெஞ்சு நிறைய ஆட்கள். பார்த்தால் பைத்தியம் மாதிரி ஒருத்தரும் இல்லை. எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு கீழே பார்த்தபடி இருந்தார்கள். எனக்கு முன்வரிசையில்தான் இடம் கிடைத்தது. கதவுக்கு மேல் பெரிய எழுத்தில் போர்டு.

அப்போது நடைபாதையில் ஒரு குரல். எங்களிடம் வருசக்கணக்காகச் சரக்கு எடுக்கிற பெங்களூர் வியாபாரி. யாரையோ பார்க்கப் பழப்பையோடு வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. பிறகு கதவுக்கு மேல் இருந்த போர்டைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

“என்னா மொதலாளி, இங்க?”

சொந்தக்காரர் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் இருந்தது. இவர் இன்றைக்குச் சாயங்காலமே மார்க்கெட் முழுக்கப் போன் போட்டுவிடுவார். என் பக்கத்தில் என் மனைவி மூச்சை விடாமல் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது.

“எனக்குத்தான்” என்றேன். குரல் கொஞ்சம் வந்தது. “பயத்துக்குப் பாக்குறாங்களாம்.”

 அப்படீங்களா என்றார். பழப்பையைக் கை மாற்றிக்கொண்டார். இன்றைக்கு வரத்து எப்படி என்று கேட்டார். பையனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சரிங்க மொதலாளி என்று போய்விட்டார். காது இரண்டும் எனக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. போகிறவர் திரும்பிப் பார்க்கிறாரா என்று நான் பார்க்கவில்லை.

கதவைத் திறந்து என் பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். என் மனைவி உட்கார்ந்தே இருந்தாள், பையை மடியில் வைத்துக்கொண்டு.

“நீயும் வா” என்றேன். “நான் பாதியத்தான் சொல்லுவேன். மிச்சத்த நீ சொல்லு.”